தொப்புள் பெட்டியில் எழுதிய தேதி

என் கைகள் எப்போதும் சூடாகவே இருக்கும். பனி கூரைவரை ஏறி நிற்கிற ஜனவரியில்கூட நான் கையுறை போட்டதில்லை. மருத்துவச்சி வேலைக்குச் சூடான கை பாதித் தகுதி, பொறுமை மீதிப் பாதி என்று பயிற்சிப் பள்ளியில் சொல்வார்கள். எனக்கு இரண்டும் இருந்தன.

தேநீரைக் குடியுங்கள், செயலாளர் அம்மா. அந்த முள்ளங்கி ஊறுகாய் நானே போட்டது. எண்பது வயதில் ஊறுகாய் அழுந்தக் கல்லைத் தூக்கி ஜாடி மேல் வைக்கிறேன் என்றால் பக்கத்து வீட்டார் நம்புவதில்லை. மருத்துவச்சிகள் சங்கத்தின் நினைவு மலருக்காக, உங்களால் மறக்க முடியாத பிரசவம் எது என்று கேட்டீர்கள். நாற்பத்தைந்து வருஷத்தில் மூவாயிரத்துச் சொச்சம் பிள்ளைகளை இந்தக் கையில் ஏந்தியிருக்கிறேன். கொடாரிப் பள்ளத்தாக்கில் இரட்டைப் பிள்ளை பிறந்த கதை, நாற்று நடவின்போது வரப்பிலேயே பிறந்த கதை எல்லாம் இருக்கின்றன. பத்திரிகைக்காரர்களுக்கு அவற்றைச் சொல்லி அனுப்பிவிட்டேன். உங்களுக்கு வேறொன்று சொல்கிறேன். ரெக்கார்டரை நிறுத்த வேண்டாம்.

ஃபுமினோ என்னிடம் முதலில் வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறு ஆகஸ்டில். ஐந்தாம் மாதம். நாய் சுலபமாகக் குட்டி போடும் என்பதால் பஞ்சாங்கத்தில் நாய் நாள் பார்த்து வயிற்றுக்குத் துணிக்கச்சை கட்டுவோம் இல்லையா, அதற்காக மாமியாரோடு வந்தாள். இருபத்தாறு வயது, முதல் பிள்ளை. தெற்கே கடலோரத்தில் பிறந்த பெண். எங்கள் பனியும் பேச்சும் அவளுக்குப் புதிது. ஊரில் அவளுக்கென்று என்னைத் தவிர யாரும் இல்லை. மாமியார் தோமெ வாயாடியே தவிரக் கெட்டவள் அல்ல.

"வலி வந்தா கத்தலாமா, மருத்துவச்சியம்மா?" என்று ஃபுமினோ கேட்டாள்.

"நல்லாக் கத்து."

"நான் எல்லாம் தத்சுசோவைப் பெத்தப்போ மூச்சுக்கூட விடலை" என்றாள் தோமெ.

"விடலையா? பாலத்துக்கு அந்தப் பக்கம் கட்டியிருந்த மாடெல்லாம் மிரண்டுச்சு. நான்தானே உன் பக்கத்துல இருந்தேன்."

ஃபுமினோ சிரித்த சிரிப்பில் வயிறு குலுங்கியது. அன்றிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒரு முறை வருவாள். வயிற்றில் மரக்குழலை வைத்து இதயத் துடிப்பைக் கேட்பேன். கால் வீக்கம் பார்ப்பேன், அழுதால் அழவிடுவேன். தாய்சேய்க் கையேட்டில் எல்லாவற்றையும் என் கைப்பட எழுதுவேன். அவளுடைய ரத்த வகை 'ஓ', புருஷன் தத்சுசோவுடையது 'ஏ' என்று எழுதியதும் நான்தான். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் என் வீட்டில் மெத்தைகள் மடித்தபடியே கிடந்தன. வழக்கமாக ஐம்பது பிரசவம் பார்ப்பேன், அந்த வருஷம் பத்தொன்பதுதான். காரணம் உங்களுக்கே தெரியும், நெருப்புக் குதிரை வருஷம். அறுபது வருஷத்துக்கு ஒரு முறை வருவது. அதில் பிறந்த பெண் புருஷனின் ஆயுளைத் தின்றுவிடுவாள் என்று பயந்து நாடு முழுக்க ஜனங்கள் பிள்ளை பெறுவதையே தள்ளிப்போட்டார்கள். தப்பித் தவறிப் பெண் பிறந்துவிட்டால், தேதியைக் கொஞ்சம் முன்னேயோ பின்னேயோ எழுதிக்கொடுத்த மருத்துவச்சிகள் உண்டு. ஃபுமினோவுக்கு நாள் குறித்தது ஜனவரி பத்து. அதற்குள் ஆட்டு வருஷம் பிறந்துவிடும். ஆடு சாது. அதனால் எங்களுக்குக் கவலை இல்லை.

நானும் நெருப்புக் குதிரைதான். முந்தைய குதிரை வருஷத்தில், டிசம்பர் இருபதாம் தேதி பிறந்தேன். பன்னிரண்டு நாள் பொறுத்திருந்தால் நானும் ஆடு. இருபத்திரண்டு வயதில் எனக்கு ஒரு வரன் நிச்சயமானது. நல்ல மனிதர், தபால் அலுவலகத்தில் வேலை. என்னைப் பார்க்க வந்தபோது ஒரு பை நிறைய சீமைப்பனிச்சைப் பழம் கொண்டுவந்தார். பிறகு அவர்கள் வீட்டில் எங்கள் குடும்பப் பதிவேட்டைப் பார்த்தார்கள். நிச்சயத்துக்குக் கொடுத்த சீரெல்லாம் மூன்றே நாளில் திரும்பி வந்தது. பழத்தை மட்டும் நாங்கள் தின்றுவிட்டிருந்தோம். நான் பிறந்தபோது என் அம்மாவுக்குப் பிரசவம் பார்த்த கிழவி தேதியை உள்ளபடி எழுதியிருந்தாள். அவள் தூரிகையை ஒரு இழுப்பு மாற்றி இழுத்திருந்தால் எனக்கு ஒரு வாழ்க்கை இருந்திருக்கும் என்று பல வருஷம் அவளை மனதுக்குள் திட்டியிருக்கிறேன். அதன் பிறகுதான் நான் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தேன்.

ஃபுமினோவுக்கு டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி காலையிலேயே வலி எடுத்துவிட்டது. தத்சுசோ கட்டட வேலைக்காக டோக்கியோ போயிருந்தான். எங்கள் ஊர் ஆண்கள் குளிர்காலத்தில் அப்படித்தான். மாமியார் பனியில் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு மருமகளை என் வீட்டில் கொண்டுவந்து விட்டாள். மதியம் பன்னிரண்டே முக்காலுக்குப் பெண் பிறந்தது. சுத்தமான பிரசவம். ஒரு தையல்கூட இல்லை. ஃபுமினோ நான் சொன்னபோது முக்கினாள், நிறுத்தச் சொன்னபோது நிறுத்தினாள். பிள்ளையை அவள் நெஞ்சில் வைத்தபோது, "அம்மா, கை எவ்ளோ சூடு" என்றாள். பிள்ளையின் கையைச் சொன்னாளா என் கையைச் சொன்னாளா தெரியாது.

தேதியைப் பற்றிப் பேச்சு வந்தது. ஜனவரி ஒன்று என்று எழுதுவதாக முடிவாயிற்று. தோமெ புத்தாண்டுப் பலகாரமான மோச்சிக்கு அரிசி இடிக்க வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு வாரம் ஃபுமினோ என்னிடமே தங்குவதாக ஏற்பாடு.

மறுநாள் காலையில் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது முகம் மஞ்சளாக இருந்ததைப் பார்த்தேன். பிறந்து இருபது மணி நேரம்கூட ஆகவில்லை.

பச்சைப் பிள்ளைக்கு மஞ்சள் வருவது சகஜம். மூன்றாம் நாள் வரும், பத்து நாளில் போகும். ஆனால் முதல் நாளிலேயே வருகிற மஞ்சள் வேறு. இரண்டு வருஷத்துக்கு முன் நகர மண்டபத்தில் மருத்துவச்சிகளுக்கு வகுப்பு நடந்தது. திரையில் படம் காட்டி ஒரு டாக்டர் சொன்னார். தாயின் ரத்தம் 'ஓ'வாகவும் பிள்ளையினுடையது வேறாகவும் இருந்தால் சில சமயம் இரண்டும் ஒத்துப்போகாது. முதல் நாளே மஞ்சள் தெரிந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள், ரத்தத்தை மாற்றினால் பிள்ளை பிழைக்கும், தாமதித்தால் மஞ்சள் மூளைக்குப் போய்விடும் என்றார். என் நோட்டில் அந்த வரிக்கடியில் சிவப்புப் பென்சிலால் இரண்டு கோடு போட்டேன். நோட்டு இன்னும் அந்த அலமாரியில் இருக்கிறது. போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆக, தெரியாமல் நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், டிசம்பர் இருபத்தொன்பதாம் தேதி வந்த பிள்ளை என்று பதிவாகும். அவ்வளவுதான் தடை. இன்னும் மூன்று நாள். மூன்று நாளை வெயிலிலும் வெந்நீரிலும் கடத்திவிடலாம் என்று நினைத்தேன். ஜன்னலோரம் மெத்தையைப் போட்டுப் பிள்ளையைக் கிடத்தினேன். வெயில்தான் வரவில்லை.

முப்பதாம் தேதி தத்சுசோ வந்தான். எங்கள் ஊர் பஸ் என் வீட்டு வாசலில்தான் திரும்பும். டிரைவர் இறங்கி ஒரு சிகரெட் பிடித்துவிட்டுப் பத்து நிமிஷம் கழித்து மறுபடி பட்டணத்துக்குக் கிளம்புவார். தத்சுசோ தோளில் பனியோடு உள்ளே வந்து மகளைக் குனிந்து பார்த்தான்.

"என்ன மருத்துவச்சியம்மா, எம் பொண்ணு பூசணி நிறத்துல இருக்கா?"

"எல்லாப் பிள்ளையும் அப்படித்தான். நீயும் அப்படித்தான் இருந்தே."

"இல்ல... கண்ணுகூட மஞ்சளா இருக்கு. அந்த பஸ் இன்னும் நிக்குது பாருங்க. ஒரு எட்டு பட்டணத்து ஆஸ்பத்திரியில காட்டிட்டு வந்துடவா?"

"இந்தக் குளிர்ல, ரெண்டு நாள் பிள்ளையைத் தூக்கிக்கிட்டா? நீ டோக்கியோவுல சிமெண்ட் கலக்கறே. நான் வந்து உனக்கு அளவு சொல்றேனா?"

அவன் வெட்கப்பட்டுச் சிரித்துத் தலை குனிந்தான். ஃபுமினோ போர்வைக்குள்ளிருந்து, "போய்ட்டுத்தான் வரட்டுமே, அம்மா" என்று மெல்லச் சொன்னாள். நான் அவள் தலையணையைச் சரிசெய்தேன். வெளியே டிரைவர் சிகரெட்டைப் பனியில் குத்தி அணைத்துவிட்டு ஏறினார். பஸ் திரும்பி, வளைவில் மறையும்வரை நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். இருபது வருஷமாக அந்த பஸ்ஸை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

முப்பத்தொன்றாம் தேதி பிள்ளையின் உள்ளங்காலும் மஞ்சளாயிற்று. பால் குடிக்கவில்லை, தூங்கிக்கொண்டே இருந்தது. "எவ்ளோ சமத்து, அழறதே இல்லை" என்று ஃபுமினோ பெருமைப்பட்டாள். நானும் ஆமாம் என்றேன். புத்தாண்டுக் காலையில் பிள்ளை கீச்சென்ற குரலில் அழுதது, முதுகை வில்லாக வளைத்தது. அந்த வளைவை நகர மண்டபத்துத் திரையில் பார்த்திருந்தேன். அன்று பஸ் இல்லை. தபால் அலுவலகத்தில் போன் இருந்தது, தீயணைப்பு நிலையத்தில் வண்டி இருந்தது. ஜனவரி ஒன்று பிறந்தும் விட்டது. இனி என்ன தடை என்று நீங்கள் கேட்கலாம். தொப்புள்கொடிதான் தடை. நாலு நாளில் அது காய்ந்து கறுத்திருந்தது. அன்று காலையில் பிறந்த பிள்ளை என்று எந்த டாக்டரும் நம்பமாட்டார். அது உதிரட்டும் என்று இரண்டு நாள் காத்திருந்தேன்.

மூன்றாம் தேதி காலையில் என் கையில் உதிர்ந்தது. நம் வழக்கப்படி பஞ்சில் சுற்றிச் சின்ன மரப்பெட்டியில் வைத்தேன். மூடியின் மேல் பெற்றோர் பெயரையும், 'ஜனவரி ஒன்று' என்பதையும் எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும், ஊரில் எல்லாரும் சொல்வார்கள். அந்தப் பெட்டிக்கு எழுதியதுபோல நான் வேறு எதற்கும் அழகாக எழுதியதில்லை. பிறகு பிள்ளையை என் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, ஃபுமினோவை மாமியார் தாங்கிவர, முதல் பஸ்ஸில் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் விடுமுறைக்குப் பொறுப்பாக ஒரு சின்ன வயது டாக்டர் இருந்தார். மஞ்சள் எப்போது வந்தது என்றார். நேற்று என்றேன். தொப்புள் இவ்வளவு சீக்கிரம் விழுந்துவிட்டதா என்றார். சில பிள்ளைகளுக்கு விழும் என்றேன். என் நரைத்த தலையைப் பார்த்தார், எழுதிக்கொண்டார். ரத்தத்தை மாற்றினார்கள். பிள்ளை பிழைத்தது. பிறகு காது கேட்கவில்லை என்று தெரிந்தது. கழுத்து நிற்கவில்லை, கை கால் சொன்னபடி கேட்கவில்லை.

டாக்டர் நல்லவர். தாயின் ரத்தமும் பிள்ளையின் ரத்தமும் ஒத்துப்போகவில்லை, இரண்டே நாளில் இவ்வளவு வேகமாக வந்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது, யார் மேலும் குற்றமில்லை என்று ஃபுமினோவுக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். தேதியைத் திருத்திச் சொல்ல அவளுக்கு வாய் எழவில்லை. என்னைப் பார்த்தாள், வேண்டாம் என்று நான் தலையாட்டினேன். டாக்டர் போன பிறகு, நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து அவள் என்னிடம் கேட்டாள்.

"அம்மா, அன்னிக்கு அவர் சொன்ன பஸ்லயே போயிருந்தா?"

இந்தக் கேள்வியை அவள் இரண்டாம் முறை கேட்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. அவள் கையை எடுத்து என் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டேன்.

"பஸ்ஸுல ஒண்ணும் இல்லம்மா. உனக்குப் பால் இறங்க லேட்டாயிடுச்சு. வயித்துல பால் போயிருந்தா மஞ்சள் கரைஞ்சு வெளிய போயிருக்கும். நீ என்ன பண்ணுவே, சில உடம்பு அப்படி."

அவளுக்குப் பால் நன்றாகவே இறங்கியிருந்தது. இரண்டாம் நாளே உடை நனைந்தது. அதைத் துவைத்துக் காயப்போட்டவள் நான். குடிக்கத்தான் பிள்ளைக்குத் தெம்பில்லை. யார் மேலும் குற்றமில்லை என்று டாக்டர் அவளுக்கு ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லியிருந்தார், அதை நான் அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். டாக்டர் அன்றைக்குப் பார்த்த ஆள், நான் ஐந்து மாதமாக அவள் வயிற்றைத் தடவிக்கொடுத்தவள். யாரை நம்புவாள்?

பிள்ளைக்கு சயே என்று பெயர் வைத்தார்கள். ஃபுமினோ அதற்குப் பிறகு பிள்ளையே பெற்றுக்கொள்ளவில்லை. தத்சுசோ கேட்டபோது, "என் பால் கெடுக்கறதுக்கு இன்னொண்ணு வேணாம்" என்றாளாம். தோமெ சாகும்வரை என்னிடம் அதைச் சொல்லிச் சொல்லி அழுதாள். நான் அந்த வீட்டுக்கு வாரம் தவறாமல் போனேன். கை காலுக்கு எண்ணெய் தேய்த்து நீவிவிடுவேன், மெல்ல முடியாத பிள்ளைக்குச் சாப்பாடு குழைத்து ஊட்ட ஃபுமினோவுக்குப் பழக்கிவிட்டேன். ஊரே என்னை மெச்சியது. நீங்கள் கொண்டுவந்திருக்கிற பாராட்டுப் பத்திரத்திலும் அது இருக்கிறது, பார்த்தேன்.

இப்போது ஒரு இடத்தைத் திருத்த வேண்டும். தேதியை மாற்றுவதாக 'முடிவாயிற்று' என்று சொன்னேன். நாற்பத்தைந்து வருஷம் பதிவேடு எழுதியவள் அப்படி எழுதக் கூடாது. அந்த வீட்டில் யாரும் என்னிடம் கேட்கவில்லை. பெண் என்றதும் தோமெ கைதட்டிச் சிரித்தாள். "குதிரைன்னா குதிரை. எம் மவன் கழுதை மாதிரி உழைக்கறான், வீட்டுக்கு ஒரு குதிரையும் இருக்கட்டும்" என்றாள். "தேதியை மாத்தினா பிள்ளைக்கு ஏதும் ஆகாதே, அம்மா?" என்று ஃபுமினோதான் கேட்டாள். "என்கிட்ட விட்டுடு. நீ அந்தக் கஷ்டத்தைப் பட்டதில்லை" என்றேன். நான் சொல்லிவிட்டேன் என்பதால் அவர்கள் பேசாமல் இருந்தார்கள். அவ்வளவு மரியாதை. அந்த வீட்டில் பயப்படாதவர்கள் மூன்று பேர் இருந்தார்கள், பயந்தவள் நான் ஒருத்திதான். பன்னிரண்டு நாள், தபால் அலுவலகம், பழப்பை எல்லாவற்றையும் அந்தப் பிள்ளையின் தலையில் இறக்கிவைத்தேன். அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் இருந்தேன்.

இந்த ஜனவரியில் சயேவுக்கு இருபது வயது நிறைந்தது. இருபது வயதானவர்களுக்கு நகர மண்டபத்தில் நடத்தும் விழாவுக்குப் போகும் முன் சக்கர நாற்காலியில் வைத்து இங்கே தள்ளிவந்தார்கள். சிவப்பு கிமோனோ. இடுப்புப் பட்டையை நான்தான் கட்டினேன். வெளியே பனி விழுந்ததும் சயே உடம்பெல்லாம் ஆடச் சிரித்தாள். பனியைக் கண்டால் அவளுக்கு எப்போதும் சிரிப்பு. ஃபுமினோவுக்கு நாற்பத்தாறுதான், என்னைவிடக் கூன் விழுந்திருக்கிறது. தரையில் நெற்றி படக் கும்பிட்டாள்.

"அன்னிக்கு நீங்க கோட்டுக்குள்ள வெச்சுத் தூக்கிட்டு ஓடலைன்னா இவ இல்லம்மா. வருஷா வருஷம் ஒண்ணாம் தேதி காலையில இவ பக்கத்துல உக்காந்து மன்னிப்புக் கேப்பேன். அம்மாவோட பால் உன்னைக் கெடுத்துடுச்சு, மன்னிச்சுக்கோடின்னு. இவளுக்குக் காது கேக்காது. இருந்தாலும் கேப்பேன்."

இருபது முறை கேட்டிருக்கிறாள். அந்தப் பிள்ளை பிறக்காத ஒரு நாளில் உட்கார்ந்து, அவள் செய்யாத ஒன்றுக்கு. நான், "அப்படி எல்லாம் சொல்லாதம்மா" என்றேன். அன்றுகூட அதற்கு மேல் சொல்லவில்லை. அவர்கள் போன பிறகு சுத்தமாகச் சாப்பிட முடியவில்லை. நீங்கள் கடிதம் போட்டபோது, சரி, வரட்டும் என்று பதில் எழுதினேன்.

எல்லாவற்றையும் மலரில் போடுங்கள். என் பெயரை மாற்ற வேண்டாம். பாராட்டுப் பத்திரத்தைத் திரும்ப எடுத்துப் போங்கள். பஸ், சிவப்புப் பென்சில், பால் பற்றிச் சொன்ன பொய் எதையும் விடக் கூடாது. ஃபுமினோ படிக்க வேண்டும். படித்துவிட்டு இங்கே வந்து என் முகத்தில் துப்பினாலும் துடைத்துக்கொள்ளமாட்டேன்.

ஒன்றை மட்டும் மாற்றி எழுதுங்கள். பிறந்த தேதியை ஜனவரி ஒன்று என்றே போட்டுவிடுங்கள். சயேவுக்கு இருபது வயது ஆகிறது. நெருப்புக் குதிரைப் பெண் என்று அச்சில் வந்துவிட்டால், நாளைக்கு அவளை யார் கட்டிக்கொள்வார்கள்?